என் தம்பி வாங்கிய நீல வாட்ச்

“என் கையில எதைக் கட்டணும்னு என் கையைக் கேளு. உன் வாயைக் கேக்காத.”

என் தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்து இப்படிச் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

“உங்க கையைத்தாங்க கேட்டேன். நேத்து டம்ளரைப் போட்டு உடைச்சுது. முந்தாநாள் சாவியை மாடிப்படியில போட்டுது. அது வேற என்ன பதில் சொல்லணும்?”

அவன் என்னைப் பார்த்தான். சண்டை என்று வந்தால் சின்ன வயசிலிருந்தே என்னைத்தான் பார்ப்பான். அவனுக்கு நான் ஏழு வயசு மூத்தவள். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒன்பது வருஷமாக அவர்களோடுதான் இருக்கிறேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, லிப்ட் கிடையாது. நான் யார் பக்கமும் சாய்வதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அப்படி நினைக்கவில்லை.

“என்னை ஏன்டா பாக்குற? அவ சொல்றது நிஜந்தானே.”

“சரி, ரெண்டு பேரும் சேந்துட்டீங்க,” என்றான். வெளி அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இடது கையைப் பிசைந்துகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் வலது கையை. அவன் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் வேலை.

சண்டை ஒரு வாட்சுக்காக. சாதாரண வாட்ச் என்றால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். பெரிய கடைத்தெருவில், உள்ளே போக ஒரு ஆள் பட்டனை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே விற்கிற வாட்ச். பத்து மாதமாக அந்தக் கடை வாசலில் போய் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். காய்கறி வாங்கப் போனாலும் அந்த வழிதான். கத்தரிக்காய் வாடிப்போய் வீட்டுக்கு வரும்.

முப்பத்தாறு வருஷம் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற பிரிவில் இருந்தவன் அவன். மாவைப் பிசைவது இயந்திரம்தான். ஆனால் பிசைந்த மாவு சட்டியிலிருந்து தானாக எழுந்து வராது. தகடு வைத்து வெட்டி, இரண்டு கையாலும் அள்ளி, தொட்டியில் போட வேண்டும். அது பசை மாதிரி சட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அள்ளு பத்துப் பதினைந்து கிலோ. ஒரு நாளைக்கு நாற்பது சட்டி. மணிக்கட்டு என்ன ஆகும்? டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். இடது கை கொஞ்சம் தேவலை. இறுக்கமாக எதையும் கட்டாதே, கனமாக எதையும் தூக்காதே என்றார். இதை அவர் சொன்ன நாள் அவன் வேலையை விட்டு இரண்டாவது வாரம். முப்பத்தாறு வருஷம் தூக்கி முடித்தவனிடம் தூக்காதே என்று சொல்ல ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

ஆகவே விஷயம் இவ்வளவுதான். வாட்ச் கட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தபோது கட்ட விடவில்லை. கட்டலாம் என்று ஆனபோது கை இல்லை. இருக்கிற கையும் தாங்குமா தாங்காதா என்பதுதான் கேள்வி. பெண்டாட்டி தாங்காது என்றாள். அவன் தாங்கும் என்றான். பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘உழைச்சவர் அவரு, எரிச்சாலும் அவர் இஷ்டம்’ என்று என்னிடம் சொன்னாள். நான் அவள் இடத்தில் இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் மாவுப் பக்கம் வேலை பார்ப்பவன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. மோதிரம், கயிறு, வாட்ச், நீள நகம் எதுவும் கூடாது. தினமும் உள்ளே போகும்போது வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தன் வாசலில் நிற்பான். வரிசையில் போய் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை. அவன் தலையை ஆட்டினால் உள்ளே போகலாம். என் தம்பி கல்யாணத்துக்கு அவன் மாமனார் ஒரு வாட்ச் போட்டார். கல்யாணத்தன்று கட்டினான், மறுநாள் கட்டினான், மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டான். அலமாரியில் கிடந்த அதை மச்சான்காரன் ஒரு நாள் இன்டர்வியூவுக்கு என்று வாங்கிக்கொண்டு போனான். வேலை கிடைத்தது. வாட்ச் திரும்பவில்லை.

மாவுப் பிரிவுக்குள் கண்ணாடிப் பொருளும் வரக் கூடாது. உடைந்து மாவில் விழுந்துவிடுமாம். அதனால் சுவரில் கடிகாரமும் கிடையாது. ஜன்னலும் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று மாவைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்வான். வெயில் நாளில் மாவு சீக்கிரம் பொங்கும். இவன் மாவை வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டு, வேலை முடியப் போகிறது என்று தகட்டைக் கழுவிவிடுவான். பார்த்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

வாட்ச் கட்டிக்கொண்டு உள்ளே வருகிற ஒரே ஆள் சூப்பர்வைசர். சட்டம் அவன் கையைப் பிடிக்காது போலிருக்கிறது. நீல முகம், இரும்புப் பட்டை. சேர்ந்த புதிதில் என் தம்பி ஒரு நாள் அவனிடம் மணி கேட்டிருக்கிறான்.

“நீ மாவைப் பாரு. மணியை நான் பாத்துக்கறேன்,” என்றானாம்.

இதை எத்தனை தரம் எங்களிடம் சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை. சொல்லும்போது சிரிப்பான். கேட்டவர்களும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பான். அந்த வார்த்தைதான் இவனை வாட்ச் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்று அவன் மகள் சொல்கிறாள். படித்தவள், எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பாள். இவனைக் கேட்டால், “சும்மா, பிடிச்சிருக்கு,” என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பிடித்திருந்தது.

வேலையை விட்ட அன்று தொழிற்சாலையில் ஒரு சால்வையும் ஆறு கண்ணாடி டம்ளரும் கொடுத்தார்கள். சண்டைக்கு முந்தின நாள் உடைந்தது அதில் நான்காவது.

ஒரு திங்கட்கிழமை காலை வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். “நான் போறேன். வர்றவங்க வரலாம்.”

“நான் வரேன்,” என்றாள் பெண்டாட்டி. “நான் வரலைன்னா கடைக்காரன் காட்டுறதுக்கெல்லாம் தலையாட்டிடுவீங்க. அண்ணி, நீங்களும் வாங்க.”

“எனக்கு முட்டி வலிக்குது. மூணு மாடி.”

“நானும்தான் இறங்கணும். வாங்க.”

இறங்கினோம். பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தான். அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்த ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்தான். என் செருப்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது அவன் பார்வை. நானும் அவன் ஷூவைப் பார்த்தேன். உள்ளே குளிர். காலடியில் மெத்து மெத்தென்று விரிப்பு. கூட்டமே இல்லை. உட்கார்ந்து வாங்குகிற மாதிரி மேஜை, நாற்காலி. என் முட்டிக்காக அந்தக் கடையை அப்போதே மன்னித்துவிட்டேன்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல முகம். ஆனால் அவளும் காலையிலிருந்து நின்றிருக்கிறாள் என்று உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. “என்ன மாதிரி பாக்கறீங்க சார்?” என்று கேட்டுக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினாள்.

என் தம்பி இரண்டு கையையும் நீட்டினான். உள்ளங்கையைக் காட்டினான். அப்புறம் திருப்பிப் புறங்கையைக் காட்டினான்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் தலையாட்டுவதற்குக் காத்துக்கொண்டிருந்தான். எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். காது சிவந்துவிட்டது.

அவன் பெண்டாட்டிதான் பேசினாள். “அவருக்குக் கை பெரிசும்மா. அளவு பாக்கக் காட்டுறாரு.”

“ஓ, சரிம்மா. எந்தக் கையில சார் கட்டுவீங்க?”

அவன் யோசித்தான். அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டிய கேள்வியா என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். “தெரியலையேம்மா,” என்றான். “எந்தக் கையில கட்டுவாங்க?”

“நிறைய பேர் இடது கையில கட்டுவாங்க சார்.”

“அப்ப இடதுதான்.”

நீல முகம் உள்ளது வேண்டும் என்றான். ஒரு தட்டில் மூன்றைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் இரண்டையும் அவன் பார்க்கவே இல்லை. மூன்றாவதைத்தான் பத்து மாதமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான். அவளே கட்டிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தடித்த கைக்கு அந்தக் கனமான வாட்ச் பொருந்தியது. மாவு தின்ற கை, ரோமமே முளைக்காத கை, அதற்கு மேல் ஒரு நீலம்.

“பேட்டரியே கிடையாது சார்,” என்றாள் அந்தப் பெண். “நம்ம கை அசையற அசைவுலயே ஓடும்.”

“என் கை அசையறதுலயா?”

“ஆமா சார். கட்டியிருக்கற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்.”

அவன் எங்களைப் பார்த்தான். பார்த்தீர்களா என்கிற பார்வை. முப்பத்தாறு வருஷம் அந்தக் கை அசைந்த அசைவுக்கு ஒரு தெரு முழுக்க கடிகாரம் ஓடியிருக்கும்.

ஐந்து நிமிஷம் இருக்கும். அவன் விரல்கள் மடியில் அசைவதைப் பார்த்தேன். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், இருக்கிறதா இல்லையா என்று. பெண்டாட்டியும் பார்த்துவிட்டாள். கடையில் கொடுத்த தண்ணீர் டம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“தண்ணி குடிங்க.”

வலது கையை நீட்டினான்.

“அந்தக் கையால.”

“தாகம் இல்ல.”

“ஒரு வாய் குடிங்க. அந்தக் கையால வாங்கிக் குடிச்சிட்டீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். பில் போடச் சொல்லிடலாம்.”

அவன் டம்ளரைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. அந்தப் பெண் ஏதோ குடும்ப விஷயம் என்று தட்டில் இருந்த மற்ற வாட்சுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவனே பூட்டைக் கழற்றப் பார்த்தான். விரல் பிடிக்கவில்லை. பெண்டாட்டிதான் கழற்றினாள்.

“கையில ஏதாவது பிரச்சினையா சார்?” என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“மரத்துப் போகுதும்மா,” என்றேன் நான். யாராவது சொல்ல வேண்டுமே. “கனம் ஆகாது, இறுக்கம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் வேறு தட்டு கொண்டுவந்தாள். தோல் பட்டை வைத்த மெல்லிய ஒன்று. இலை மாதிரி இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. அடுத்தது டைட்டானியம் என்றாள், எடையே தெரியாது என்றாள். சாம்பல் நிறம். கட்டினான். பத்து நிமிஷம் ஆகியும் விரல் மரக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது கைக்கு.

“இது விலை எப்படி?” என்று பெண்டாட்டி கேட்டாள்.

“அதைவிடக் கொஞ்சம் கூடும்மா. எடை கம்மி இல்லையா.”

“இல்லாத எடைக்கு எதுக்கும்மா கூடக் காசு?”

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். என் தம்பி சிரிக்கவில்லை. சாம்பல் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி இருக்கு,” என்றான். கழற்றி வைத்தான். “வா, போகலாம். நீ சொன்னதுதான் சரி.”

எழுந்துவிட்டான். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. நீல வாட்சைக் கையில் எடுத்து, எடை பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினாள்.

“ஏம்மா, இந்தப் பட்டையில ரெண்டு கண்ணி கூடச் சேக்க முடியுமா?”

“முடியும்மா. ஆனா அவர் கைக்கு ரொம்ப லூசா ஆயிடும். தொங்கும்.”

“தொங்கட்டும். என் வளையல் தொங்கலையா? முப்பது வருஷமா தொங்குது, என் கை மரத்தா போச்சு?”

“வாட்சை யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்கம்மா.”

“இவரு ரெண்டு நாளுக்கு மேல வாட்ச் கட்டினதே இல்ல. எப்படிக் கட்டுவாங்கன்னு இவருக்குத் தெரியாது. உக்காருங்க நீங்க.”

உட்கார்ந்தான்.

உள்ளே கொண்டுபோய்க் கண்ணி சேர்த்துக் கொண்டுவர இருபது நிமிஷம் ஆயிற்று. தொங்கத் தொங்கக் கட்டிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மரத்தது இப்போது இருபது நிமிஷம் தாங்கியது. இருபத்தைந்து என்று அவன் சொன்னான். நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இருபத்தைந்து நிமிஷ வாட்சுக்கா இவ்வளவு என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கையில் இருபத்தேழு வருஷம் ஒரு வாட்ச் இருந்தது. ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வீடு வந்ததில்லை. எனக்கு வாட்ச் என்றாலே அப்படித்தான் பேச வரும்.

“அக்கா,” என்றான் தம்பி. “கொஞ்ச நேரம் சும்மா இரு.”

பணத்தைக் கட்டினான். கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு தரம் கீழே விட்டான். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. எந்தக் கையாலும் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் வலது தோளைக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டு வந்தான். வாட்ச் பெட்டி பெண்டாட்டி பையில், தக்காளிக்கு மேலே இருந்தது.

அந்தக் கடைப் பெண் ஒன்றைச் சொன்னாள், நாங்கள்தான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கட்டியிருக்கிற வரைக்கும் ஓடும் என்றாளே, அதற்கு அர்த்தம் கழற்றி வைத்தால் நின்றுவிடும் என்பது. இவன் ஒரு நாளைக்குக் கட்டுவது அரை மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் கையை மேஜை மேல் அசையாமல் வைத்திருப்பான், அசைத்தால் மரக்கிறது. மறுநாள் காலை பார்த்தால் வாட்ச் நின்றிருந்தது. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் கத்தினேன். கடைக்குப் போன் செய்து கேட்டாள் பெண்டாட்டி. “வாட்ச் நல்லாத்தாம்மா இருக்கு. சார் கையை இன்னும் கொஞ்சம் அசைக்கச் சொல்லுங்க,” என்றாளாம் கடைப் பெண். பெண்டாட்டி அதை அவனிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிற பொத்தானைத் திருகினாலும் ஓடுமாமே என்று மட்டும் சொன்னாள்.

பொத்தான் மிளகு அளவு. அவன் விரலுக்கு அது சிக்காது. முதல் நாள் முயற்சி செய்தான், இரண்டாம் நாள் முயற்சி செய்தான். மூன்றாம் நாள் வாட்சை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

இப்போது தினமும் காலை டீ குடித்த பிறகு அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருகிறாள். முப்பது நாற்பது திருகு திருகுகிறாள். போனைப் பார்த்து முள்ளைச் சரி செய்கிறாள். அதற்குள் அவன் கையை மேஜை மேல் நீட்டி வைத்திருக்கிறான். கட்டிவிடுகிறாள். “ரொம்ப அழகுதான், போங்க,” என்று தினமும் ஒரே மாதிரி அலுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். அவன் உட்கார்ந்து மணி பார்க்கிறான். எந்த வேலைக்கும் நேரமாகவில்லை, யாரும் வரப் போவதில்லை. விரல் மரக்கிற வரைக்கும் பார்க்கிறான். மரத்ததும் கூப்பிடுகிறான். அவள் வந்து கழற்றுகிறாள். சில நாள் அவள் குழம்பை இறக்கிவிட்டு வர நேரமாகிவிடும். அன்றைக்கு வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிஷம் பார்க்கிறான்.

என்ன விலை என்று மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அவன் யாருக்கும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். பதினோரு மாதச் சம்பளம். சேர்த்த இரண்டு கண்ணிக்கு ஒன்பது நாள் சம்பளம் தனி.